நாற்பத்து மூன்றாம் தகடு

தகரக்காரரும் ரேடியோக்காரரும் சகலைகள். அக்காளைக் கட்டியவர் தகரக்காரர், தங்கையைக் கட்டியவர் ரேடியோக்காரர். முன்னவர் வாளி, புனல், தண்ணீர்த் தொட்டி என்று தகரத்தை எப்படி வேண்டுமானாலும் வளைத்துவிடுவார். பின்னவர் ஊமையாகிப்போன ரேடியோ, டி.வி., போன் எதுவானாலும் பேசவைத்துவிடுவார். இருவருமே தங்கமான மனுஷர்கள்தான். ஆனால் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தால் போதும், ஏதாவது ஒன்றில் முட்டிக்கொள்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முட்டிக்கொண்டது டிரான்சிஸ்டரில். மாமனாரின் பழைய ரேடியோவை மேஜைமேலேயே பிரித்துப் போட்ட ரேடியோக்காரர், மூன்று கால் வைத்த ஒரு கறுப்புப் பொட்டை இடுக்கியால் தூக்கிக் காட்டினார்.

"எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. சின்னச் சத்தம் உள்ள போகும், பெருசா வெளிய வரும். இது இல்லன்னா ரேடியோ வெறும் டப்பா."

"இதை எதுல செய்றாங்க?" என்று தகரக்காரர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அதுக்கெல்லாம் தூசி தும்பு இல்லாத பெரிய ஃபாக்டரி வேணும் அண்ணே. உங்க சுத்தியலுக்குப் படியற சமாச்சாரம் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மாமனாருக்குப் புரையே ஏறிவிட்டது. தகரக்காரரும் சிரித்தார்தான். ஆனால் அந்தச் சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவளுக்கு மட்டும் தெரிந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறதே, இதுகூடத் தெரியாமல் இருக்குமா?

பெரியவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். விடிந்ததும் போனால் மதியம் திரும்புவாள். மறுநாள் மதியம் அவள் வீட்டுக்கு வந்தபோது பட்டறை பூட்டிக்கிடந்தது. நூலகம் இருக்கிற தெருப்பக்கம்கூடத் தலைவைத்துப் படுக்காத மனுஷர், நூலகத்துக்குப் போயிருக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். பெரியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மூன்று மணிக்கு அவர் மடித்த நகல் தாள் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"ஏம்மா, இதைப் படி. நூலகக்காரம்மா பழைய அறிவியல் பத்திரிகையில தேடி எடுத்துக் குடுத்தாங்க. துத்தநாகம் பூசின தகட்டை நெருப்புல காட்டணுமாம். பூச்சு வெந்து பொருக்கு தட்டிடும். அந்தப் பொருக்குல ஒரு சில இடத்துல மெல்லிசு கம்பியால தொட்டு, பேட்டரி குடுத்தா, அது சத்தத்தைப் பெருசாக்குமாம். கூட ஒரு கம்பிச்சுருளைச் சேர்த்தா விசிலே அடிக்குமாம். நம்ம தகடும்மா! நம்ம வாளித் தகடு!"

"அப்ப இத்தனை வருஷமா வாளியிலயா தண்ணி பிடிச்சோம்? ரேடியோவுலயா?"

"சிரிக்காத. நான் செய்யத்தான் போறேன்."

துத்தநாகப் புகை மூக்கில் ஏறினால் குளிர்காய்ச்சல் வரும் என்பது இருவருக்குமே தெரியும். அதனால் பின்முற்றத்தில், காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நின்றுதான் சுடவேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவர் விரல் நீளத்துக்குத் தகடுகளை வெட்டி, குறட்டில் பிடித்து, பற்றவைப்புச் சுடரில் காட்டினார். பளபளத்த பூச்சு உருகி, சுருங்கி, வெளிறிய மஞ்சளாய்ச் சாம்பல் பூத்தது. ஆறியதும் ஒவ்வொன்றின் வாலிலும் ஆணியால் எண் கீறினார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருக்கவில்லை. துணிமாட்டும் கிளிப்புகள் தகட்டைப் பிடிக்கப் போயின. ஊக்குகள் கம்பிமுனையைத் தாங்கப் போயின. ஷாம்பு பாட்டிலைக் கேட்காமல் காலிசெய்து அதன்மேல் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டார். பேட்டரியைப் பறிகொடுத்த சுவர்க்கடிகாரம் பத்து இருபதோடு நின்றுபோனது.

"மணி என்னன்னு கேட்டா ஷாம்பு பாட்டிலா சொல்லும்?" என்று அவள் கத்தினாள். அந்த விசிலுக்காகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தவருக்கு அது விழவில்லை. ஹெட்போனிலும் ஒன்றும் விழவில்லை என்பதுதான் சோகம்.

ஆறு வாரம் போயிற்று. நாற்பத்திரண்டு தகடுகள் சுட்டாயிற்று. எங்கே தொட்டாலும் ஒரு கரகரப்பு, அப்புறம் மௌனம். ஒரு சனிக்கிழமை மதியம் அவள் வேலை முடிந்து வந்தபோது, நாற்பத்து மூன்றாவது தகட்டின் முன் அவர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"சகலை சொன்னது சரிதான் போல. சுத்தியல் பிடிச்ச கைக்கு இதெல்லாம் ஆகாது."

அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கம்பிமுனையைப் பொருக்கின்மேல் வைத்து ஆணி அடிப்பதுபோல அழுத்திக்கொண்டிருந்தார். பொருக்கு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"தள்ளுங்க."

"உனக்கு என்ன தெரியும் இதுல?"

"இதுல ஒண்ணும் தெரியாது. ஆனா தினமும் அறுபது கையில நரம்பு தேடறேன். அழுத்தினா நரம்பு ஓடிடும். சும்மா வச்சு, வச்சு எடுக்கணும்."

கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊக்கின் நுனியில் ஆடிய முடிபோன்ற கம்பியைத் தகட்டின் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒற்றினாள், எடுத்தாள், மயிரிழை நகர்த்தினாள், மறுபடி ஒற்றினாள். தகரக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். திடீரென்று அவள் தோள் தூக்கிப்போட்டது.

"ஏங்க, விசில்!"

அவர் ஹெட்போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார். சன்னமாக, விடாமல், ஒரு கொசு பாட்டுக் கச்சேரியில் உட்கார்ந்த மாதிரி ஒலித்தது. முற்றத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் போனை எடுத்தார்.

"சகலை, கடையை மூடிட்டு உடனே வா. ஏன்னு கேக்காத."

அரைமணி நேரத்தில் ரேடியோக்காரரும் சின்னவளும் பதறியடித்து வந்து சேர்ந்தார்கள். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார்கள். தகரக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "கேளு!" என்று மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். கம்பி துள்ளி விலகியது. ஹெட்போனில் ஒன்றுமில்லை.

"இதுக்கா அண்ணே என்னைக் கூப்பிட்டீங்க?"

"கொஞ்சம் இருங்க தம்பி," என்று பெரியவள் மறுபடி உட்கார்ந்தாள். இம்முறை ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிட்டாள்.

ரேடியோக்காரர் கேட்டார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். தகட்டைத் தாங்கிய பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் சகலையின் சட்டைப்பையையே தடவிப் பார்த்தார்.

"போன் ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"என்ன நெனச்சே என்னை?"

ரேடியோக்காரர் மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணே, மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. விசில் அடிக்கிறது வேற, பெருசாக்குறது வேற. தானா கத்துற குழந்தையை வச்சுப் பாட்டு கேக்க முடியாது."

தகரக்காரரின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அதைப் பார்த்த பெரியவளுக்கு ரேடியோக்காரரின் மண்டையில் ஒரு குட்டு வைக்கலாம்போல இருந்தது. ஆனால் அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கண்ணும் தகட்டைவிட்டு விலகவில்லை. விரல்கள் தொடையில் தாளம் போட்டன.

"ஆனா, விசில் வருதுன்னா உள்ள சரக்கு இருக்கு," என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். "பேட்டரியைக் குறைச்சுக் குறைச்சு, விசில் நிக்கிற விளிம்புல கொண்டுபோய் நிறுத்தினா... அண்ணே, நான் கடைக்குப் போயிட்டு வர்றேன். யாரும் மேஜையைத் தொடாதீங்க. மூச்சுகூடப் பலமா விடாதீங்க!"

செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். திரும்பி வரும்போது மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு திருகுகுமிழும் கைநிறையக் கம்பியும் கொண்டுவந்தார். ஷாம்பு பாட்டிலில் சுற்றிய சுருள், மின்சாரத்தை ஒருபக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்று, கொடிக்கம்பியிலிருந்து இழுத்த ஏரியல் என்று பேட்டரியே இல்லாத ஒரு ரேடியோவை முதலில் கட்டினார். அதில் ஒரு பெண் செய்தி வாசிப்பது கிணற்றுக்குள்ளிருந்து முனகுவதுபோலக் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு அதைத் தகட்டோடு இணைத்தார். பெரியவள் முனையை வைத்தாள். விசில் கிளம்பியது. ரேடியோக்காரர் குமிழை நூலளவு நூலளவாகத் திருப்பினார். விசில் மெலிந்தது, நடுங்கியது, நின்றது.

அந்த இடத்தில் செய்தி வாசிக்கிற பெண் கிணற்றிலிருந்து ஏறி வந்து, காதருகே நின்று, கடலோரத்தில் காற்று பலமாக வீசும் என்றாள்.

ரேடியோக்காரர் ஹெட்போனைக் கழற்றித் தகரக்காரரின் காதில் மாட்டினார். தகரக்காரர் கேட்டார். கண் கலங்கியதை மறைக்க மூக்கைச் சிந்தினார்.

"அண்ணே," என்றார் ரேடியோக்காரர். "நான் இருபது வருஷமா டிரான்சிஸ்டரை மாத்தத்தான் மாத்தியிருக்கேன். ஒண்ணுகூட செஞ்சதில்ல."

"உன் தலை இல்லன்னா இது விசிலோட நின்னிருக்கும் சகலை."

"ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதுடாதீங்க, கம்பி நகர்ந்துடும்," என்றாள் சின்னவள்.

அவர்கள் அழவில்லை. சண்டை போட ஆரம்பித்தார்கள். இன்னொரு தகட்டைச் சேர்த்தால் காகிதக் கூம்பு வைத்து வீடு முழுக்கக் கேட்கவைக்கலாம் என்றார் ஒருவர். மெல்லிய தகடு வேண்டும் என்றார் மற்றவர். தடித்ததுதான் சூட்டைத் தாங்கும் என்றார் முதலாமவர். சத்தம் தடித்துக்கொண்டேபோய், இரண்டுபேரும் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போய்விட்டார்கள். சற்று நேரத்தில் சுடர் சீறும் ஓசையும், "அங்க இல்ல அண்ணே, ஓரத்துல காட்டுங்க", "எனக்கே தகடு சுடக் கத்துத்தர்றியா?" என்ற பேச்சும் உள்ளே கேட்டன.

அக்காளும் தங்கையும் மேஜையருகே தனித்திருந்தார்கள். எல்லோருக்கும் போட்டுவைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது இன்னைக்கு முடியற கூத்தா?"

"இல்லடி. எல்லா ஞாயித்துக்கிழமையும் போச்சு."

"அப்ப நமக்கு லீவுன்னு சொல்லு!"

பெரியவள் சிரித்துக்கொண்டே ஹெட்போனை அகல விரித்து, ஒரு காதைத் தங்கையிடம் நீட்டினாள். செய்தி முடிந்து பாட்டு ஆரம்பித்திருந்தது. இருவரும் தலையோடு தலை ஒட்டி, மேஜை அசைந்துவிடாமல் உட்கார்ந்து கேட்டார்கள்.