பன்னிரண்டு புள்ளி ஆறு

1

டமால் என்று ஒரு சத்தம். ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டுக் கேட்டின் மேல் ஒரு ஸ்கூட்டர் மோதியிருந்தது. ஓட்டி வந்தவர் நர்ஸ் ஃபெமினா. கேட்டையும் பார்க்கவில்லை, ஸ்கூட்டரையும் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்தார்.

"ஏனுங்க சார், மௌனிகா கதைய எழுதீட்டீங்களா?"

"பாதி."

"கிழிச்சுப் போட்டுருங்க. அவளுக்கு ரத்தம் பன்னெண்டு புள்ளி ஆறுன்னு ரிப்போர்ட் வந்திருக்குது."

"நல்லதுதானே?"

"நாலடி நடந்தா மூச்சு வாங்குதுங்க சார். அவளுக்கு எங்கிருந்து வந்துச்சு பன்னெண்டு புள்ளி ஆறு?"

ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஃபெமினா சொன்னது. மௌனிகாவின் சனங்கள் காட்டிலிருந்து இறக்கப்பட்டு, சமவெளியில் தகரக் கூரைக் காலனியில் வைக்கப்பட்டவர்கள். மேலே கீரை, கிழங்கு, ராகி. கீழே ரேஷன் அரிசி, டீ. ரத்தம் குறைந்தது. பெண்கள் நூல் மில்லுக்குப் போகிறார்கள். மௌனிகா மூன்று மாத கர்ப்பிணி. வாரக் கதைக்காரனுக்கு இவ்வளவு போதும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

என் முதல் தொடக்கம்: 'மௌனிகா நிலவைப் போல வெளுத்து—'

ஃபெமினா காகிதத்தைப் பிடுங்கினார். "கறுத்த புள்ளைங்க சார் அது. கண்ணு இமையக் கீழ இழுத்துப் பாத்தாத்தான் வெளுப்புத் தெரியும். நிலாவாமா நிலா."

இரண்டாவது தொடக்கம்: 'மில் சங்கு ஊதியது. மௌனிகா மயங்கி—'

"மயங்கி விழுந்தா வேலை போயிரும். அவ விழ மாட்டா. செவுத்தப் புடிச்சுக்குவா."

மூன்றாவது தொடக்கத்தை நான் அவரிடம் காட்டவில்லை.

(இடைக்குறிப்பு: ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், பத்துக்குக் கீழே போனால் அந்த மில் வீட்டுக்கு அனுப்பிவிடும். போன மாதம் மில்லில் பரிசோதனை நடந்த அன்று அரசுக் குழு ஒன்றும் வந்து, அதே விரல் ரத்தத்தில் சிக்கிள் செல்லும் பார்த்தது. அது பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை, ரத்த அளவும் குறையாது. இருவரிடமிருந்தும் வந்தால் பிள்ளை எலும்பு, மூட்டு வலியில் துடிக்கும். பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது, தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மௌனிகாவுக்கு சிக்கிள் செல் இருப்பதாக ரிப்போர்ட். புருஷனுக்கு இருப்பது முன்பே தெரியும். தன் தம்பி அந்த வலியிலேயே பன்னிரண்டு வயதில் செத்ததைப் பார்த்தவன் அவன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலைத்துவிடலாம் என்கிறான். இன்று புதன்.

"இதப் பாருங்க" என்று ஃபெமினா அரசுக் குழு அனுப்பிய பட்டியலை நீட்டினார். ஒரே காலனி, ஆறு பெண்கள். ஆறு பேருக்கும் சிக்கிள் செல். ஐந்து பேருக்கு ரத்தம் 12.6, ஒருத்திக்கு மட்டும் 12.5. அந்த 12.5தான் என்னை நம்ப வைத்தது. நான் கற்பனை செய்திருந்தால் ஆறையும் ஒன்றாகவே வைத்திருப்பேன்.

3

காலனிக்குப் போனோம். ஆறு பேரில் மூத்தவள் மருதி; மூச்சு வாங்காமல் நடக்கிறவளும் அவள் ஒருத்திதான். அவள் வீட்டில்தான் மௌனிகாவும் இருந்தாள். ஃபெமினா உட்காரக்கூட இல்லை.

"எத்தனை விரல்ல குத்துனாங்க, மருதி?"

மருதி கையை மறைக்கவில்லை. "ஆறுங்க சிஸ்டர். பேருக்கு ஒரு விரல், ஆறு பேருக்கும் நானேதான் போனேன். இவளுகளுக்கெல்லாம் எட்டு, ஒம்பது. எனக்கு மட்டுந்தானுங்க நல்ல ரத்தம்."

"குத்துனவன் உன்ற மொகத்தப் பாக்கலையா?"

"தொப்பி, மாஸ்க்கு, கோட்டு. மில்லுக்குள்ள நாங்க அத்தன பேரும் ஒரே ஆளுதானுங்க. நாலாவது தடவ போனப்ப, 'பயப்படாத அம்மணி, எறும்பு கடிச்சாப்பல இருக்கும்'னாரு."

மௌனிகா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

[மூலையில் மருதியின் ஐந்து வயது மகள் பாயில் படுத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். கதைக்குத் தேவையில்லை. அடுத்த பிரதியில் நீக்க வேண்டும்.]

ஃபெமினா மௌனிகாவிடம் திரும்பினார். "ஊட்டுக்காரருகிட்டச் சொல்லலையா கண்ணு, அது உன்ற ரத்தமில்லைன்னு?"

"அவரும் அதே மில்லுதானுங்க. அவருகிட்டச் சொன்னா மைக்குல சொன்ன மாதிரி."

"அப்ப உன்ற விரல நீட்டு. உன்ற ரத்தத்துல சிக்கிள் இல்லைன்னா வெள்ளிக்கிழமை எங்கயும் போக வேண்டியதில்ல. அளவு தெரிஞ்சா மருந்தும் தருவேன்."

"மில்லுக்குத் தெரியுங்களா?"

"நா சொல்ல மாட்டேன். ஆனா பட்டியலத் திருத்தித்தான் ஆகோணும். ஒருத்தி ரிப்போர்ட்டு மாறுனா ஆறு பேரையும் மறுபடி குத்துவாங்க."

மௌனிகா கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

4

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவள் விரலை நீட்டினால் ஐந்து வீடுகளில் சம்பளம் நிற்கும். நீட்டாவிட்டால், அடுத்தவள் ரத்தத்தை நம்பி அவள் பிள்ளை போகும்.

வார இதழ் ஆசிரியர் கிருபாசங்கருக்குப் போன் போட்டேன். "மழை பேயட்டுங்க, அவ செத்துரட்டும், புருஷன் அழுகட்டும்" என்றார். "நோய் பேரெல்லாம் வேண்டாம். படிக்கறவங்க பயந்துக்குவாங்க."

வைத்துவிட்டேன். வேறு முடிவு? மில் முதலாளி மனம் மாறி, எல்லோருக்கும் கடலை மிட்டாயும் சத்து மாத்திரையும் கொடுத்து— இல்லை. இதை எழுதிய விரலில்தான் முதலில் குத்த வேண்டும்.

சரி, நீங்களே எழுதுங்கள். 'முடிவு சப்பென்று இருக்கிறது' என்று மாதாமாதம் கடிதம் போடுகிறவர்கள் நீங்கள்தானே? ஊசி ஃபெமினாவின் கையில். மௌனிகாவின் கை துப்பட்டாவுக்குள். நான் எழுந்துகொள்கிறேன்.

5

எழுந்திருக்க மருதி விடவில்லை.

"நீட்டு மௌனி" என்றாள். "மில்லுல நா சொல்லிக்கறேன், குத்தம் என்னுதுன்னு. அத்தனையும் என்ற ரத்தம்னு."

துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு விரல் மெல்ல வெளியே வந்தது. ஃபெமினா பஞ்சை எடுத்தார். ஆனால் மருதி, தான் சொன்னதைத் தானே இப்போதுதான் கேட்டவள் போல நின்றுவிட்டாள். பிறகு, நான் நீக்குவதற்காகக் குறித்து வைத்திருந்த மூலையின் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க சிஸ்டர், அத்தனையும் என்ற ரத்தம்னா, எம்புள்ள முட்டி வலிக்குதுன்னு அழுகறது, ஓடியாடுறதுனால இல்லீங்களா?"