வாய் நிறைய மாவோடு அம்மா பேசியது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பொய் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. இடம் வந்ததும் நானே காட்டிக்கொடுக்கிறேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் அம்மாவின் முன்பல்...'

(அடித்துவிட்டேன். மழையும் இல்லை, மாலையும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. நைலான் நூல்.)

அம்மா துணி தைக்கிறவள். கத்தரிக்கோல் மடியிலேயே கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பாள். இருபது வருடம் கடித்ததில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டின் நுனியிலும் ஊசிக்காது அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அன்று அவற்றில் ஒன்று வேர்வரை பிளந்துவிட்டது. பிடுங்க வேண்டியதாயிற்று.

2

பல் டாக்டரம்மா மூன்று வழி சொன்னார். (கதையில் மூன்று வழி வந்தால் மூன்றாவதைத்தான் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். என்ன செய்ய, நடந்ததும் அதுதான்.)

"கழட்டி மாட்டற பல் ரொம்ப சுலபம். பிரிட்ஜ்னா ரெண்டு பக்கத்துப் பல்லையும் ராவி, மூணுக்கும் சேர்த்து உறை மாதிரி மாட்டிடுவோம். ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். இல்லைன்னா எலும்புல ஸ்க்ரூ வெச்சு, அது பிடிக்க நாலு மாசம் விட்டு, அதுக்கு மேல பல். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டாம்."

"உங்களுக்கு எது சரின்னு படுது?" என்று கேட்டாள் அம்மா.

"பிரிட்ஜ். சீக்கிரம் முடியும்."

"சட்டையில ஒரு பட்டன் போனா, பக்கத்துல இருக்கற ரெண்டையும் பிச்சுட்டா தைக்கறோம்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நாலு மாசம் ஓட்டையோட இருக்கணுமே."

"ஓட்டை என் வாயிலதானே. தைச்சுக் குடுக்கற துணியில இல்லையே."

(அம்மா இவ்வளவு வெடுக்கென்று பேசுவாளா என்று சந்தேகம் வந்தால், அவளிடம் ஒரு சட்டை தைக்கக் கொடுத்துவிட்டுக் கை நீளத்தில் குறை சொல்லிப் பாருங்கள்.)

'நான்கு மாதமும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டே...'

இல்லை. ஓட்டை தெரியத் தெரியத்தான் சிரித்தாள். எங்கள் வீட்டில் வாயைப் பொத்திக்கொள்கிறவள் நான்.

3

நான்கு மாதம் கழித்து, புதுப் பல்லுக்கு அளவெடுக்கும் நாள். டாக்டரம்மா மேல்வரிசைக்கு அச்செடுக்கும் மாவு வைத்து எடுப்பதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. அம்மா வாயைத் திறந்தபடியே இருந்தாள். அதன்பிறகுதான் நிற மாதிரிகளை எடுத்தார்: நகம் அளவிலான பீங்கான் பற்கள், வெள்ளையிலிருந்து மங்கல் வரை வரிசையாக. ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒன்றை வைத்துப் பார்த்து, சீட்டில் குறித்தார். அம்மா கைக்கண்ணாடியில் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். அதற்குள் கீழ்வரிசைக்கும் மாவு வைத்தாயிற்று. பல்லைச் செய்து வந்துவிட்டால் ஆயுசுக்கும் அந்த நிறம்தான்.

"ஈரத் துணியும் காஞ்ச துணியும் ஒரே நிறமாவா தெரியும்? வாயைத் தொறந்தே வெச்சதுல பல்லு காஞ்சு வெளுத்திருக்கு. ஈரமானப்புறம் ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க" என்றாள் அம்மா.

4

இதுதான் அந்தப் பொய். வாய் நிறைய மாவை வைத்துக்கொண்டு அம்மா எப்படிப் பேசினாள் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அவள் பேசவில்லை. கொப்புளிக்கும் தண்ணீரில் முந்தானை நுனியை நனைத்து, ஈரமான இடத்தையும் காய்ந்த இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள். டாக்டரம்மா, "கொஞ்சம் பொறுத்துக்கங்க, ஆயிடுச்சு" என்று தோளைத் தட்டினார். எனக்குப் புரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் துணிக்கு நிறம் பார்த்து நூல் எடுத்ததற்கு எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறேன்.

எழுந்து பாடம் வாசிக்கச் சொன்ன நாளெல்லாம் குரல் வராமல் நின்று, கடைசியில் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். வாயில் வராததையெல்லாம் நோட்டில் எழுதி அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறவள். மூன்றாம் பகுதியில் அம்மா சொன்னதாக எழுதிய மூன்று வாக்கியங்களும் நான் சொன்னவை. முதலாவதில் குரல் நடுங்கியது. மூன்றாவதில் நடுங்கவில்லை.

டாக்டரம்மா சீட்டைத் திரும்ப எடுத்துக் கிழித்தார். "நீ சொல்றது சரிம்மா. நிறத்தை முதல்லயே பாத்திருக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். நாளைக்குக் காலையில வாங்க, வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி பாத்துடலாம்."

மாவு வெளியே வந்ததும், வாயைக்கூடத் துடைக்காமல் அம்மா சொன்னாள்: "இவ என் பொண்ணு."

(யாரும் கேட்கவில்லை. இந்த வாக்கியத்தை மட்டும் நான் ஒரு முறைகூட அடிக்கவில்லை.)

5

மறுநாள் ஜன்னலோரத்தில் அம்மா எடுத்தது, முந்தைய நாள் குறித்ததைவிட இரண்டு படி மங்கலான மாதிரிப் பல். ஒட்டிப் பிறந்ததுபோல் பொருந்தியது.

"இன்னொண்ணு" என்றார் டாக்டரம்மா. "பக்கத்துப் பல்லுல நூல் பள்ளம் இருக்கு. புதுசுலயும் அதே மாதிரி வைக்கச் சொல்லவா, நேரா விட்டுடவா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு."

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பள்ளம் வேண்டும் என்கிறேன், சிரிக்கும்போது அவள் தொழிலும் தெரியட்டும் என்று. இன்னொன்றில் வேண்டாம் என்கிறேன், இனியாவது கத்தரிக்கோலை எடுக்கட்டும் என்று. இரண்டையும் அடித்துவிட்டேன். அடித்தாலும் எழுத்து தெரிகிறது. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பதில் சொன்னேன். டாக்டரம்மா குறித்துக்கொண்டார். வாய்விட்டுச் சொன்னதை நோட்டில் வேறு எதற்கு எழுத வேண்டும்?