நாற்பது சதவீதக் கசடு

தஞ்சாவூர்ப் பக்கத்து நகராட்சி ஒன்றின் கழிவுநீர் நிலையத்துக்கு ஓசோன் மெஷின் வந்திறங்கிய மறுமாதமே கசடு நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது. பொறியாளர் அறிவுச்செல்வனுக்குத் தலைகால் புரியவில்லை. சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்தபின் அடியில் தங்கும் கருஞ்சேற்றை லாரியில் ஏற்றி, எடை போட்டு, கிடங்கில் கொட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆக்சிஜனிலிருந்து மெஷின் உண்டாக்கும் ஓசோன் வாயு அதைக் கரைத்துக் குறைக்குமாம். சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போனது. திருவாரூர்க் கருத்தரங்கில் பேசிப் பொன்னாடையும் வாங்கிவந்தார்.

ஆய்வக வேலையிலிருந்த ஜாஸ்லினுக்குத்தான் உறுத்தல். மெஷினுக்குள் போகும் சேறும் வெளியே வரும் சேறும் சோதனையில் ஒன்றுபோலவே இருந்தன. நேரே மெஷின் அறைக்குப் போனாள்.

"ஆக்சிஜன் வால்வு மூடியிருக்கே அண்ணே?"

"தொறந்தா எங்கேயோ கசிஞ்சு தொண்டை எரியுது மேடம். நான்தான் மூடி வச்சேன்," என்றார் ஆபரேட்டர் அடைக்கலசாமி. "பச்சை லைட்டு எரியறதைப் பாத்துட்டு சார் போயிடுவாரு."

"அப்ப சேறு எப்படிக் குறைஞ்சுது?"

"வலங்கைமான்லேருந்து டிராக்டர் வந்து அள்ளிட்டுப் போறாங்க. சம்பா வயலுக்கு உரமா அடிக்க."

டிராக்டரில் போனதை யாரும் எடை போடவில்லை.

ஜாஸ்லின் கசிவை அடைக்கச் செய்து வால்வைத் திறந்துவிட்டாள். நடவு முடிந்து டிராக்டர்களும் நின்றுபோயின. ஒரு மாதத்தில் கசடு மெய்யாகவே இருபது சதவீதம் குறைந்தது. சந்தோஷமாகத் தாளை எடுத்துக்கொண்டு பொறியாளரிடம் போய், நடந்ததையெல்லாம் சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, சும்மா கெடந்தப்ப நாப்பது குறைஞ்சுது. நீங்க ஓட்டி இருபதாக்கிட்டீங்க. மூடுங்க அதை."

"சென்னைலேருந்து கமிட்டி வந்து அளந்தா சார்?"

"தென்னந்தோப்புக்காரங்க இருக்காங்கள்ல. நாலு டிராக்டரை வரச் சொல்லுங்க."

அவள் யாரையும் வரச் சொல்லவில்லை. வால்வையும் மூடவில்லை. சோதனைத் தாள்களை நகலெடுத்து, நடந்ததை விவரமாக எழுதி, தன் பெயரிலேயே சென்னைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். இனி வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு மெஷின் இருபது சதவீதம் குறைப்பது ஆய்வில் நிரூபணமாகியிருப்பதால், அறிக்கையில் கண்ட நாற்பதை எட்ட இரண்டாவது மெஷினுக்கு அனுமதி அளிக்கப்படுகிறது. திட்டத்தை முன்னெடுத்த பொறியாளருக்குப் பாராட்டு.

அறிவுச்செல்வன் திருவையாற்று அசோகா அல்வாவோடு ஆய்வகத்துக்கு வந்தார். "உங்க லெட்டர் ரொம்ப உதவியா இருந்துதும்மா," என்றார். கிண்டலில்லை, மனதாரத்தான் சொன்னார்.

ஜாஸ்லின் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாள். நெய் தாராளமாக விட்டிருந்தார்கள்.