குவிந்த விரல்கள்

எழுபத்தெட்டாம் வருஷம் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் தைராய்டு சுரப்பியை அறுத்து எடுத்தார்கள். அது அளவுக்கு மீறிச் சுரந்து, இரண்டு வருஷமாக என் கைகளை நடுங்க வைத்திருந்தது. நடுங்கும் கைக்குப் பட்டு இழை அடங்குமா? தறியில் உட்கார்ந்தால் நெய்ததைவிட அறுத்ததே அதிகம். "அண்ணி நெய்யறது சேலையில்ல, சல்லடை" என்று சிரிப்பாள் என் நாத்தனார் கற்பகம். அவளும் நானும் எலியும் பூனையும்தான்.

ஆபரேஷன் முடிந்து எங்கள் ஊர் ஆரணிக்குத் திரும்பியபோது நடுக்கம் போயே போய்விட்டது. மறுநாள் காலை உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. பிறகு விரல்கள் தாமாகவே குவிந்தன. அறுந்த இழையை முறுக்கிச் சேர்க்கும்போது நெசவாளர்கள் விரல்களைக் குவிப்போமே, அச்சு அசலாக அப்படி.

வீடே பூரித்துப்போனது. "பாரு, கை தறிய தேடிகினு கீது" என்றார் என் கணவர் மாணிக்கவேல். மாமியார் கற்பூரம் ஏற்றினார். நானும் நம்பினேன். சந்தோஷத்தில் யாருக்குப் புத்தி வேலை செய்கிறது?

கற்பகம் மட்டும் நம்பவில்லை. நான் நன்றாக இருக்கிறேன் என்று யார் சொன்னாலும் அவள் சந்தேகப்படுவாள். அறுந்த பட்டு இழை இரண்டைக் கொண்டுவந்து என் விரலிடையே திணித்தாள்.

"எங்க, இத்த முறுக்கிச் சேருங்க பார்க்கலாம்."

விரல்கள் அசையவே இல்லை. அவள் பிரித்துப் பார்த்தாள். வலியில் உயிர் போனது.

"அண்ணா, இது தறிய தேடுற கை இல்ல. நரம்பு இழுத்துகினு கீது. பார்த்துகினு நிக்காத, ஜல்தியா வேலூருக்குக் கெளம்பு."

பஸ் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் தொண்டையும் இறுகியது. மூச்சு விசில் மாதிரி வந்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கற்பகம் என் கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். "மூச்ச வுடுங்க அண்ணி. நீங்க இல்லாம நான் யாரோட சண்ட போடறது?" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் நரம்பில் மெதுவாக மருந்து ஏற்றினார்கள். டாக்டர் சொன்னார்: "தைராய்டுக்குப் பின்னால அரிசி அளவுல நாலு சுரப்பி இருக்கும்மா. பாராதைராய்டுன்னு பேரு. ரத்தத்துல கால்சியத்தக் காக்கறது அதுங்கதான். எவ்வளவு கவனமா தைராய்ட எடுத்தாலும் சிலருக்கு அதுங்க சோர்ந்துபோயிடும். கால்சியம் எறங்கிடும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்."

மருந்து ஏற ஏற விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. வயதில் சிறியவளைக் கும்பிடக் கூடாது என்பார்கள். ஊசி குத்தியிருந்த கையையும் சேர்த்து வைத்து, நான் கற்பகத்தைக் கும்பிட்டேன்.