இருநூற்றுப் பதினான்காவது ஆள்

என் தம்பி லாச்செசார் ஒரு துப்பறியும் நாவல் எழுதினான். அதற்காக நான் முன்பின் தெரியாத மூவாயிரம் பேரின் பின்னால் அலைந்தேன். அலைந்தது காலால் அல்ல, கட்டை விரலால்.

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் ஒரு பதிப்பாளர் அவனுடைய நாவலைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரே கேள்வி கேட்டாராம்: "உங்களை எத்தனை பேர் ஃபாலோ பண்றாங்க?" அப்போது நானூற்றுப் பத்துப் பேர். அதில் பாதி சொந்தக்காரர்கள், மீதியில் பாதி அவனுடைய பழைய காதலிகள். ஐயாயிரம் ஆனதும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அவன் ரயிலேறி எங்கள் ஊர் ரூசேக்குத் திரும்பி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் கடைக்கு வந்து நின்றான்.

எனக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன அச்சுக்கடை. பிறந்தநாள் அட்டை, பள்ளிச் சான்றிதழ் நகல் எல்லாம் அடிப்பேன். ஆனால் கடை ஓடுவது சாவு அறிவிப்பால்தான். கறுப்புக் கட்டம், நடுவில் படம், கீழே நாலு வரி. இறந்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருடம் திரும்பினால் ஒன்று. வீட்டுக் கதவிலும் மரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள். மழை கரைக்கும்வரை அது அங்கேயே இருக்கும்.

"அக்கா, ரொம்ப சிம்பிள்" என்றான் லாச்செசார். "தினமும் முந்நூறு பேரை ஃபாலோ பண்ணு. யாருடா இதுன்னு பார்ப்பாங்க. எழுத்தாளன்னு தெரிஞ்சதும் பாதிப்பேர் மரியாதைக்குத் திருப்பி ஃபாலோ பண்ணுவாங்க. மூணு நாள் கழிச்சு நாம சத்தமில்லாம கழட்டிவிட்டுடலாம்."

"ஏண்டா, நாமளும் அப்படியே இருந்துட்டா என்ன?"

"மூவாயிரம் பேர் பின்னாடி சுத்துறவனை யாரு எழுத்தாளன்னு மதிப்பா? அவங்கதான் நம்ம பின்னாடி வரணும்."

"அடுத்தவன் வீட்டு மணியை அடிச்சிட்டு ஓடுற மாதிரி இல்லையா இது?"

"ஓடலக்கா. கதவைத் திறக்கிறவரைக்கும் மரியாதையா நிக்கிறோம். திறந்தப்புறம்தான் ஓடுறோம்" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லக்கூடாது. விரலால் ஒரு அழுத்து, அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன். நாவலின் முதல் பக்கத்தில் என் பெயரைப் போடுவதாகவும் சொன்னான். அந்த ஆசையும் இருந்தது. தன் கணக்கைத் திறந்து வைத்த பழைய ஃபோன் ஒன்றை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

ஆட்களை எங்கே பிடிப்பது என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். எங்கள் ஊரில் மேயரின் பக்கத்தைவிட, கால்பந்துக் குழுவின் பக்கத்தைவிட, அதிகம் பேர் பார்ப்பது சாவு அறிவிப்புப் பக்கத்தைத்தான். காலையில் காப்பி ஆறுவதற்குள் யார் போனது என்று பார்த்துவிடுவார்கள். கீழே எல்லாரும் இறந்தவருக்காக "கடவுள் மன்னிக்கட்டும்" என்று எழுதுவார்கள். இப்படி எழுதுகிறவர்களெல்லாம் உயிரோடு இருக்கிறவர்கள், ஃபோனும் கையுமாக இருக்கிறவர்கள். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே, புது அறிவிப்புகள் தீர்ந்ததும் பழையவற்றுக்கும் போனேன். லாச்செசார் என்னைக் கட்டிப்பிடித்து, "அக்கா, நீ பிசாசு" என்றான்.

நான் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. எழுதுகிறவர்கள் இறந்தவரின் பெயரையும் கூடவே சேர்த்து எழுதுகிறார்கள். அந்தப் பெயரை அழுத்தினால் அவர் பக்கம் திறக்கும். அவர் போயிருப்பார், பக்கம் போயிருக்காது. கண்ணை மூடிக்கொண்டு முந்நூறு பேரை அழுத்துகிறவளுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது?

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, திங்கட்கிழமை பிடித்தவர்களையெல்லாம் கழட்டி முடித்திருந்தேன். ரைனா அக்கா உள்ளே வந்தாள். எதிரே பேருந்து நிலையத்தில் சீட்டு கொடுக்கிறவள். சீட்டு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, எங்கே போனாலும் கொஞ்சம் குனிந்தே பேசுவாள். அவளுக்கு ஒரே பையன், ஸ்விலென். இருபத்து மூன்று வயது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. போன வருடம் குளியலறையில் விழுந்து போய்ச்சேர்ந்தான். அவனுடைய மூன்று அறிவிப்புகளையும் அடித்தது நான்தான். இது நாலாவது, வருட அறிவிப்பு. அடித்து வைத்திருந்த தாள்களை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் மேல்தாளைக் கையில் எடுத்துப் படத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு நானே அடித்துச் சுவரில் ஒட்டியிருந்த என் தம்பியின் நாவல் சுவரொட்டியைக் காட்டினாள்.

"இது உன் தம்பிதானே, ஓக்னியானா?"

"அவனேதான். ஏன் கேக்கறீங்க?"

"அவருக்கு என் பையனைத் தெரியுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். ஸ்விலெனின் பக்கத்தை அவள் மூடவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் திறந்து பார்ப்பாளாம். அவன் போன அன்று அவனைப் பின்தொடர்ந்தவர்கள் இருநூற்றுப் பதின்மூன்று பேர். முதலில் ஒருவராவது கழன்றுவிடுவாரோ என்று பயந்தாளாம். யாரும் கழலவில்லை. யாரும் சேரவும் இல்லை. ஒரு வருடமாக அதே எண்.

"செத்தவனோட பக்கத்துக்கு யாரு புதுசா வருவா சொல்லு? செவ்வாய்க்கிழமை பார்க்கறேன், இருநூத்திப் பதினாலு! கை கால் ஓடல எனக்கு. யாருன்னு பார்த்தா உன் தம்பி. எழுத்தாளர். எனக்குத் தெரியாத ஒரு சிநேகிதன் என் பையனுக்கு இருந்திருக்கான். ஒரு வருஷம் கழிச்சும் தேடிக்கிட்டு வந்திருக்கான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "தெரியும்னுதான் நினைக்கிறேன்" என்று உளறினேன்.

"இரு, காட்டறேன்" என்று அவள் ஃபோனைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். இருநூற்றுப் பதின்மூன்று.

"நேத்துகூட இருந்துச்சே" என்றாள். "நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா?"

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு பிள்ளையை இரண்டு தடவை பறிகொடுத்தவள் மாதிரி நின்றாள். பறித்தது நான். அதுவும் காப்பி குடித்துக்கொண்டே.

"இந்த ஏரியால சிக்னல் சரியில்லக்கா" என்றேன். மேசைக்கு அடியில் தம்பியின் பழைய ஃபோன் இருந்தது. குனிந்து தாள் எடுக்கிற மாதிரி தேடி, ஸ்விலெனின் பெயரைக் கண்டுபிடித்து அழுத்தினேன். "இப்ப பாருங்க."

அவள் பார்த்தாள். இருநூற்றுப் பதினாலு. பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.

"சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கல்லறையில வருஷத் திதி. அவரைக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

தம்பியிடம் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"உனக்கென்ன பைத்தியமாக்கா? முன்பின் தெரியாதவன் திதிக்கு நான் எதுக்கு?"

"முன்பின் தெரியாதவன் பின்னாடி போகத் தெரிஞ்சுதுல்ல? திதிக்கும் வா."

"அங்க போய் என்ன சொல்றது?"

"நீதானே கதை எழுதுறவன். ஒண்ணு சொல்லு."

உடனே அவன், "எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டான். கையில் இருந்த காகிதக்கட்டை அவன் மேல் வீசினேன். அப்படியும் சனிக்கிழமை என் கடையிலேயே அச்சடித்துத் தைத்த ஐந்து நாவல்களைக் காரில் வைத்துக்கொண்டுதான் வந்தான். மானத்தை வாங்காதே என்று பிடுங்கிப் பின்சீட்டில் போட்டுப் பூட்டினேன்.

கல்லறையில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ரைனா அக்காவின் தங்கை, ஸ்விலெனின் இரண்டு பெரியப்பாக்கள், பேருந்து நிலையத்து ஆட்கள். சர்க்கரையும் வாதுமைப் பருப்பும் தூவிய வேகவைத்த கோதுமை, ரொட்டி, பாலாடைக்கட்டித் துண்டு எல்லாம் பொட்டலமாக இருந்தது. பாதிரியார் சமாதி மேல் ஒயின் ஊற்றி ஜெபித்துவிட்டுப் போனார். பொட்டலம் வாங்கினால் நன்றி சொல்லக்கூடாது, கடவுள் மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். லாச்செசார் பழக்கதோஷத்தில் "ரொம்ப நன்றி" என்றான். அவன் காலை மிதித்தேன்.

"சொல்லுங்க தம்பி" என்றாள் ரைனா அக்கா. "என் பையனை எங்க பார்த்தீங்க?"

எல்லாரும் திரும்பினார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில் இவன் கார் நின்றுவிட்டதாம். கொட்டும் மழை. மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வந்தானாம். பின்னால் உட்காரச் சொல்லி ஊருக்குள் கொண்டுவந்து விட்டானாம். வழியெல்லாம் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே ஓட்டினானாம். என் தம்பி நன்றாகத்தான் சொன்னான், அதையும் சொல்லியாக வேண்டும். அவன் சொன்ன மழை எங்கள் எல்லார் மேலும் பெய்தது.

முடித்தபோது பெரியப்பாக்களில் ஒருவர் தரையைப் பார்த்தார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலிப்புக்காரப் பையன். சைக்கிளைக்கூடத் தொட விட்டிருக்கமாட்டாள் இவள். இந்த மடையனிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"மோட்டார் சைக்கிளா? அவனா?" என்றார் மற்றொரு பெரியப்பா.

"ஆமா, ஓட்டுவான்" என்றாள் ரைனா அக்கா சட்டென்று. "எனக்குத் தெரியாம ஓட்டுவான். அம்மாகிட்ட எல்லாத்தையுமா சொல்லுவாங்க?" என் தம்பியின் கையில் இன்னொரு பொட்டலத்தை வைத்தாள். "சாப்பிடுங்க. நல்லா ஓட்டினானா?"

"நல்லா ஓட்டினான்மா" என்றான் அவன். அவன் முகம் வெளுத்திருந்தது.

எல்லாரும் கலையும்போது அவள் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தினாள்.

"உன் கை மேசைக்கு அடியில இருந்துச்சு. முப்பது வருஷமா ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஆளுங்க கை என்ன பண்ணுதுன்னுதான் பார்த்துக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன்க்கா அவனைக் கூப்பிட்டீங்க?"

"இந்த ஒரு வருஷத்துல அவனைப் பத்தி எவனும் புதுசா ஒண்ணும் சொல்லல. பொய்யா இருந்தாலும் ஒண்ணு கேட்கணும் போல இருந்துச்சு." மேலங்கிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஸ்விலெனின் அறிவிப்புத் தாள்தான், பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது. "செவ்வாய்க்கிழமை அன்னிக்கே உன் தம்பி யார் யாரை ஃபாலோ பண்றார்னு பூரா உட்கார்ந்து பார்த்தேன். நல்லவரான்னு தெரிஞ்சுக்கலாம்னு. இவங்க ஏழு பேரும் இருந்தாங்க. இவங்களுக்கும் நீதான் அடிச்சே."

படித்தேன். மருந்துக்கடை வெனெரா. சாரதி தோத்யூ. நீச்சல் கற்றுக்கொடுத்த கிரெமெனா. ஏழும் என் மேசையில் கறுப்புக் கட்டத்துக்குள் கிடந்த முகங்கள்.

"அவங்க வீட்டுலயும் காலையில யாராவது எண்ணிக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றாள். "உயிரோட இருக்கறவங்களை என்னமோ பண்ணிக்கோ. இவங்களைக் கழட்டாதே."

ஏழு பேரையும் வியாழக்கிழமையே கழட்டியிருந்தேன். கடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பச் சேர்த்தேன். பிறகு தம்பிக்கு ஃபோன் செய்து, இனி உன் வாசகர்களை நீயே பிடித்துக்கொள், இந்த எட்டுப் பேரைத் தொட்டால் அக்கா தம்பி உறவு இல்லை என்றேன். அவன் எதிர்த்துப் பேசாதது அதுதான் முதல் தடவை.

இன்னொரு வேலையும் செய்தேன். என் சொந்த ஃபோனை எடுத்து, என் சொந்தப் பெயரில், ஸ்விலெனின் பக்கத்தை அழுத்தினேன்.

திங்கட்கிழமை கடையைத் திறக்குமுன்பே ரைனா அக்கா வாசலில் நின்றாள். ஃபோனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். இருநூற்றுப் பதினைந்து.

"நீதானே? உனக்கெதுக்கு? உனக்கு அவனைத் தெரியவே தெரியாதே."

"தெரியாதுக்கா" என்றேன். "ஆனா நாலு தடவை அவன் முகத்தைக் கம்ப்யூட்டர்ல வெச்சுச் சரிபண்ணியிருக்கேன்."

"அப்போ அந்தச் சட்டைக் காலரை நிமிர்த்தினது நீதானா?"

நான்தான். மூலப்படத்தில் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று யாரையும் கேட்காமல் நிமிர்த்தியிருந்தேன், நாலு தடவையும்.

"அவனுக்கு எப்பவும் அந்தப் பக்கம் மடங்கித்தான் இருக்கும்" என்றாள் அவள். "காலையில வெளியே போறப்ப நான்தான் நிமிர்த்திவிடுவேன். தெருமுனைக்குப் போறதுக்குள்ள திரும்ப மடங்கிடும். அடுத்த வருஷம் மடங்கினபடியே போடு."

"சரிக்கா" என்றேன். அவளுக்கு ஏழரை மணிப் பேருந்துக்குச் சீட்டு கொடுக்க வேண்டியிருந்தது. சாலையைக் கடந்து போனாள்.