ஒரு நாளைக்கு முன்னூறு பாக்கெட்

ஆறு வருஷம் ஜெயில்ல இருந்தப்ப நான் கத்துக்கிட்டது தையல். சர்டிஃபிகேட் இருக்கு, 'தையலில் முழுப் பயிற்சி பெற்றவர்'னு கொட்டை எழுத்துல. வெளிய விட்ட அன்னைக்கு அதிகாரியம்மா அதைக் குடுத்து, "இனிமே உன் கால்ல நீ நிக்கலாம்"னாங்க. போட்டோகூட எடுத்தாங்க. எனக்கும் கண்ணு கலங்கிப்போச்சு. எவ்வளவு பெரிய மடச்சி நான்.

என் மகளுக்கு ஒம்பது வயசு, அக்கா வீட்டுல வளர்றா. "வேலையில சேந்துட்டு வா, அன்னைக்கே கூட்டிட்டுப் போ"ன்னு அக்கா சொல்லிட்டா. அவமேல தப்பில்ல. தையல் கடையில வரச் சொல்லிட்டாங்கன்னு நேத்து போன்ல சொன்னேன். மக உடனே துணிமணியெல்லாம் பையில எடுத்து வச்சுட்டாளாம்.

கடைக்காரர் நல்ல மனுஷன். ஜெயில்னு சொன்னதுக்கு மூஞ்சியைச் சுளிக்கல. துணி, கத்திரிக்கோல், அளவுச் சீட்டு மூணையும் முன்னால வச்சார். "ஒரு சட்டை தைங்கம்மா, பாப்போம்."

அங்கதான் மாட்டிக்கிட்டேன். ஜெயிலுக்குள்ள ஒருத்திக்குக் காலர், ஒருத்திக்குக் கை, எனக்கு பாக்கெட். துணி வெட்டியே வரும்; எங்க கையில கத்திரிக்கோல் யார் குடுப்பா? காலரும் கத்துக்கிறேன்னு ஒருதடவை கேட்டேன். "உனக்கு பாக்கெட்டுதான் வேகமா ஓடுது, எண்ணிக்கை கொறைஞ்சிடும்"னுட்டாங்க. ஒரு நாளைக்கு முன்னூறு பாக்கெட். கண்ணைக் கட்டிவிட்டாலும் தைப்பேன். மத்ததெல்லாம் பக்கத்துல பாத்துப் பாத்தே வந்திருக்கும்னு நம்பித்தான் போனேன்.

ஒரு மணி நேரம் துணியைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். எங்க வெட்டணும்னு தெரியல. கடைசியில ஓரத்துல சின்னதா ஒரு துண்டு வெட்டி, தெரிஞ்சதைத் தெச்சேன்.

அவர் அதை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தார். "பாக்கெட் அருமையா இருக்கும்மா"ன்னார். அப்புறம் மேசையைப் பாத்தார். "சட்டை?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த சர்டிஃபிகேட்டைச் சுக்குநூறாக் கிழிச்சிருக்கணும். அடுத்த கடையிலயும் அதைத்தானே காட்டணும்? மடிச்சு உள்ள வச்சுக்கிட்டேன்.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டுறதுக்கு முன்னாடியே மக திறந்துட்டா. ஷூ போட்டு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னா. என் மூஞ்சியைப் பாத்தா. கீழ உக்காந்து ஷூ நாடாவை அவுக்க ஆரம்பிச்சா.