கூட்டலில் விடுபட்ட இரண்டு தாள்கள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. எங்கள் தலைமையாசிரியருக்கு நான் எழுதிக் கொடுத்த ஓர் உரையில் வெட்டுப்பட்ட பகுதி இது. 'தோல்வி எனக்குக் கற்றுத் தந்தது' என்று தலைப்பு. புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்களுக்கு எங்கள் பள்ளி அரங்கில் அவர் பேச வேண்டும். பள்ளியில் அவருக்கு 'நூறு' என்று பட்டப்பெயர். பதினோரு வருடமாகப் பொதுத்தேர்வில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. (துணைத் தலைமையாசிரியரான எனக்குப் பட்டப்பெயர் கிடையாது. அந்த அளவுக்கு என்னை யாரும் கவனிப்பதில்லை.)

2

முதல் தொடக்கம்: "தலைமை என்பது ஒரு..."

இதற்கு மேல் எழுதக் கை கூசியது.

இரண்டாம் தொடக்கம்: அரையாண்டுத் தேர்வில் தவறியவர்களின் பெற்றோரை நூறு வரவழைப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். 'சொந்த விருப்பத்தின் பேரில் பிள்ளையை விலக்கிக்கொள்கிறோம்' என்ற கடிதம் மேசையில் தயாராக இருக்கும். பொதுத்தேர்வு வரும்போது, தேறுகிறவர்கள் மட்டும் மிஞ்சியிருப்பார்கள். அந்தக் கடிதத்துக்கு வாசகம் எழுதியவன் நான்தான்.

3

ஒரு வருடம் அப்படிக் கையெழுத்துப் போட வந்தவர்களில் எங்கள் ஆய்வக உதவியாளரும் ஒருவர். அவருடைய மூத்த மகளுக்குக் கணக்கில் முப்பத்தொன்று.

"உக்காருங்க," என்றார் நூறு. பதினெட்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்ததில் அவரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வேணாம் சார். எங்க போடணும்?"

"ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு..."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

விடைத்தாளை எடுத்துப் பார்த்திருக்கலாம். அலமாரி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நூறுக்கு அன்று இன்னும் ஏழு பெற்றோர் பாக்கி.

4

விடுமுறையில் பழைய விடைத்தாள்களைக் கட்டிப் பரணில் ஏற்றும் வேலை ஆய்வக உதவியாளருடையது. ஒரு கட்டின் அடியில், நூல் அவிழ்ந்து தனியாகக் கிடந்த இரண்டு கூடுதல் தாள்களில் தன் மகளின் கையெழுத்தைக் கண்டார். திருத்தி மதிப்பெண் போட்டிருந்தது. கூட்டலில் மட்டும் சேரவில்லை. இருபத்திரண்டு மதிப்பெண். கொண்டுவந்து நூறின் மேசையில் வைத்தார்.

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். நீங்க பாக்கணும், அவ்வளவுதான்."

"திரும்பச் சேத்துக்கலாமே. கூட்டிட்டு வாங்க."

"கூப்பிட்டுப் பாத்துட்டேன் சார். 'நான்தான் மக்கு ஆச்சேப்பா'ங்கிறா. துணிக்கடைக்கு வேலைக்குப் போய்க்கிட்டிருக்கா."

அன்று நூறு சாப்பிடவில்லை. உண்மையிலேயே ஆடிப்போனார். (இந்த வரியை மூன்று முறை எடுத்துவிட்டு மூன்று முறை திரும்பப் போட்டேன். அவரைக் கெட்டவராக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம்.)

5

முடிவு அ: மேடையில் நடந்ததை அப்படியே சொல்கிறார். அரங்கம் வாயடைத்துப் போகிறது.

சுத்தப் பொய்.

முடிவு ஆ, அதாவது நடந்தது: நான் எழுதிய பக்கத்தை அவரே பேனாவால் அடித்தார். 'ஒரு மாணவியின் இழப்பு எனக்குப் பாடமானது' என்று ஒரே வரியாக்கினார். அதைப் படிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. கைதட்டல் அடங்க நேரமானது. படிப்பு போனது அவளுக்கு, பாடம் கிடைத்தது இவருக்கு. நானும் தட்டினேன். மைக்கைக் கவனித்துக்கொண்டு ஓரமாக நின்ற ஆய்வக உதவியாளரும் தட்டினார்.

(அடிக்குறிப்பு: பாடம் கற்றதற்குச் சான்று கேட்பீர்கள். இப்போது கூடுதல் தாள்களை நூலால் கட்டுவதில்லை, ஸ்டேப்ளர் அடிக்கிறோம். கடிதம் அப்படியேதான் இருக்கிறது.)

மேடையிலிருந்து இறங்கிய நூறு நேராக ஆய்வக உதவியாளரிடம் போனார்.

"பேச்சு எப்படி இருந்துச்சு?"

6

அவர் சொன்ன பதில் என் காதில் விழவில்லை. நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் அவர் மன்னித்துவிடுகிறார். மன்னிப்பு எனக்கும் தேவைப்படுகிறது, அதனால் என் பேனாவை நம்ப முடியாது.

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வைக்க ஆசைப்படுவீர்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. இளைய மகள் எங்கள் பள்ளியில்தான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.